பந்திக்கு உக்கிராணம், படைக்கு சப்ளை: ராணுவ லாஜிஸ்டிக்ஸும் டேட்டா லிங்க்கும், ஓர் எளிய விளக்கம்

எங்கள் பெரியப்பா இருபது வருஷத்துக்கு மேல் ராணுவத்தில் லாரி ஓட்டியவர். ஓய்வு பெற்றுப் பாளையங்கோட்டைக்கு வந்த பிறகு தெருவில் யாராவது, "அண்ணாச்சி, எத்தன பேரச் சுட்டிருக்கிய?" என்று ஆசையாகக் கேட்பார்கள். "நான் சுடவெல்லாம் இல்லப்பா, வண்டிதான் ஓட்டுனேன்" என்பார். கேட்டவர் முகத்தில் இருந்த ஆர்வம் இறங்கிவிடும். பேச்சு மழை, நெல் விலை என்று வேறு பக்கம் போய்விடும். சின்ன வயதில் எனக்கும் அது கொஞ்சம் வருத்தமாகத்தான் இருந்தது. அவர் வண்டி ஓட்டியது காஷ்மீரிலிருந்து லடாக்குக்குப் போகும் வழியில், 11,500 அடி உயரத்தில் இருக்கும் சோஜி லா கணவாயில். அவர் ஏற்றிப்போன மண்ணெண்ணெயும் மாவும் போய்ச் சேராவிட்டால் மேலே இருப்பவர்களால் குளிர்காலத்தைத் தாண்டவே முடியாது. இது எனக்குப் புரிய ரொம்ப நாள் ஆயிற்று.

2025 மே மாதம் எல்லையில் சண்டை நடந்தபோது நம் டீக்கடைகளில் எல்லாம் ஒரே கணக்குதான். அவர்களிடம் எத்தனை விமானம், நம்மிடம் எத்தனை ஏவுகணை. அந்த ஏவுகணையை யார் எங்கே வைத்திருக்கிறார்கள், அது எப்படி ஏவும் இடத்துக்குப் போகிறது, எப்போது ஏவ வேண்டும் என்ற சேதி எந்த வழியில் வருகிறது என்று யாரும் பேசவில்லை. 'லாஜிஸ்டிக்ஸ்' என்றால் பார்சல் கம்பெனி, 'டேட்டா லிங்க்' என்றால் ராணுவத்துக்கான இன்டர்நெட் என்ற அளவில்தான் பலரும் புரிந்துவைத்திருக்கிறார்கள். இரண்டுமே பாதிகூடச் சரியில்லை. புதிதாக இந்த விஷயத்துக்குள் வருபவருக்காக அடியிலிருந்து சொல்லிப் பார்க்கிறேன்.

## கல்யாண வீட்டு உக்கிராணம்

திருநெல்வேலிச் சீமையில் கல்யாணம் நடக்கும் வீட்டில் உக்கிராணம் என்று ஓர் அறை இருக்கும். அரிசி, பருப்பு, தேங்காய், வாழை இலை, எண்ணெய் டின் எல்லாம் அங்கேதான். கணக்கில் கறாரான ஒரு மாமாவின் இடுப்பில் அதன் சாவி இருக்கும். உக்கிராணத்திலிருந்து சாமான் ஆக்குப்புரைக்குப் போகும். அங்கே தவசிப்பிள்ளை சமைத்து இறக்குவார். அப்புறம் வாளி வாளியாகப் பந்திக்கு வரும். விருந்துக்கு வந்தவர் பார்ப்பது தன் இலையை மட்டும்தான்.

மறுவீட்டு விருந்து நடக்கிறது. மூன்றாவது பந்தியில், தேங்காய்ப் பாலில் வைக்கும் சொதி தீர்ந்துவிட்டது என்று வைத்துக்கொள்வோம். என்ன காரணமாக இருக்கும்? தேங்காயே போதுமான அளவு வாங்காமல் விட்டிருக்கலாம். இல்லையென்றால் தேங்காய் வாங்கியாகிவிட்டது, ஆனால் ஏற்றி வந்த வண்டி வண்ணார்பேட்டையில் பஞ்சராகி நிற்கிறது. அதுவும் இல்லையென்றால், தேங்காய் உக்கிராணத்தில் குவிந்துதான் கிடக்கிறது, சொதி தீரப்போகிறது என்று பந்தியிலிருந்து யாரும் போய்ச் சொல்லவில்லை.

ஆக, இருப்பு இல்லை, வழி இல்லை, தகவல் இல்லை. மூன்றில் எது நடந்தாலும் இலை முன்னால் உட்கார்ந்திருப்பவருக்கு ஒன்றுதான். ராணுவ லாஜிஸ்டிக்ஸ் என்பது இந்த மூன்று ஓட்டைகளையும் ஓயாமல் அடைத்துக்கொண்டே இருக்கும் வேலை. வேண்டிய பொருள், வேண்டிய அளவில், வேண்டிய இடத்தில், வேண்டிய நேரத்தில், பயன்படுத்தக்கூடிய நிலையில் இருக்கும்படி பார்த்துக்கொள்வதுதான் லாஜிஸ்டிக்ஸ். வாங்குவது, சேமிப்பது, ஏற்றிப்போவது, பழுது பார்ப்பது எல்லாம் இதில் அடங்கும். இதில் சாப்பாடு, எரிபொருள், குண்டு போன்றவற்றைப் படைக்குக் கொண்டுபோய்க் கொடுக்கும் பகுதிக்குத்தான் வழங்கல், அதாவது சப்ளை, என்று பெயர்.

எல்லோரும் மறந்துபோகும் ஒன்று உண்டு: திரும்பி வரும் பயணம். பந்தி முடிந்ததும் இலை எடுக்க வேண்டும், காலி வாளி ஆக்குப்புரைக்குத் திரும்ப வேண்டும். படையிலும் அப்படியே. காயம்பட்டவர், பழுதான வண்டி, காலி டின் எல்லாம் பின்னால் வந்தாக வேண்டும். இரண்டாம் உலகப் போரின்போது 1944இல் பிரான்சுக்குள் வேகமாக முன்னேறிய நேச நாட்டுப் படைகள் 20 லிட்டர் பெட்ரோல் டின்களைக் காலியானதும் வழியிலேயே எறிந்துகொண்டு போயின. கொஞ்ச நாளில் பெட்ரோல் பற்றாக்குறையோடு, பெட்ரோல் பிடிக்க டின் இல்லாத பற்றாக்குறையும் சேர்ந்துகொண்டது.

## இந்திய ராணுவத்தில் சாவி யார் கையில்?

ஒரே ஆள் கையில் இல்லை. உணவு, எரிபொருள், போக்குவரத்து ஆகியவை ஆர்மி சர்வீஸ் கோர் என்ற பிரிவின் பொறுப்பு. பெரியப்பா இருந்தது இதில்தான். தன் தொடக்கத்தை இந்தப் பிரிவு 1760இல் வைத்து எண்ணுகிறது. லாரி மட்டுமல்ல, லாரி ஏற முடியாத மலைக்குக் கோவேறு கழுதைகளை ஓட்டிச் செல்வதும் இவர்கள்தான். குண்டு, துப்பாக்கி, உடுப்பு, உதிரி பாகம் ஆகியவை ஆர்ட்னன்ஸ் கோர் கையில். பழுது பார்ப்பது இ.எம்.இ. என்ற பிரிவு, இது 1943இல் தொடங்கியது. எல்லைச் சாலைகளைப் போட்டுப் பராமரிப்பது 1960இல் அமைத்த பார்டர் ரோட்ஸ் அமைப்பு. தகவலுக்கு கோர் ஆஃப் சிக்னல்ஸ், 1911இலிருந்து. இந்தக் கடைசிப் பிரிவின் வேலையான தகவல் தொடர்பைப் பற்றிப் பிறகு சொல்கிறேன்.

## ஏற்றிப்போகும் வண்டியே தின்றுவிடும்

லாஜிஸ்டிக்ஸில் புரிய வேண்டிய மிக முக்கியமான இடம் இது. இது புரிந்துவிட்டால் பாக்கி எல்லாம் தானே வந்துவிடும்.

முதலில் எடை. ஒரு 155 மில்லிமீட்டர் பீரங்கிக் குண்டு ஏறக்குறைய 43 கிலோ. ஒரு பீரங்கி ஒரு நாளில் 100 குண்டு சுடுகிறது என்று ஒரு கணக்குக்கு எடுத்துக்கொள்வோம். 18 பீரங்கிகள் இருந்தால் 1,800 குண்டு. எடை போட்டால் 77 டன்னுக்கு மேல். மலைப்பாதையில் 5 டன் ஏற்றும் லாரி என்றால் 16 லாரி வேண்டும், அதுவும் குண்டுக்கு மட்டும், ஒரு நாளைக்கு மட்டும். 1999 கார்கில் போரில் நம் பீரங்கிப் படை சுட்டது குண்டும் ராக்கெட்டுமாக இரண்டரை லட்சத்துக்கும் மேல். போஃபர்ஸ் பீரங்கியின் பெயர் நம் எல்லோருக்கும் தெரியும். அந்த இரண்டரை லட்சத்தையும் எதிரி பார்த்துக்கொண்டிருந்த மலைச் சாலையில் இரவில் விளக்கை அணைத்துக்கொண்டு ஏற்றிப்போனவர்கள் பெயர் யாருக்கும் தெரியாது. எனக்கு இது இன்றைக்கும் உறுத்துகிறது.

எரிபொருளும் அப்படித்தான். ஒரு டீசல் டாங்கி கிலோமீட்டருக்கு இரண்டு, மூன்று லிட்டர் குடிக்கும். காட்டிலும் மேட்டிலும் ஓடினால் இன்னும் அதிகம். 45 டாங்கிகள் திருநெல்வேலியிலிருந்து தூத்துக்குடி வரை, 50 கிலோமீட்டர், நல்ல சாலையில் போனாலே ஐயாயிரம் லிட்டருக்கு மேல் ஆகிவிடும். திரும்பி வர இன்னொரு ஐயாயிரம்.

சரி, நிறைய லாரி விட்டால் தீர்ந்தது என்று தோன்றும். சிக்கல் அங்கேதான் இருக்கிறது. முன்பு கோவில்பட்டிப் பக்கமிருந்து தூத்துக்குடித் துறைமுகத்துக்குப் பருத்தி ஏற்றிப்போன மாட்டு வண்டிகளை நினைத்துக்கொள்ளுங்கள். மாட்டுக்கு வைக்கோலையும் அதே வண்டிதான் சுமக்க வேண்டும். தூரம் கூடக்கூட வைக்கோல் கூடும், பருத்திக்கு இடம் குறையும்.

இதையே ஒரு கோவேறு கழுதைக்குப் போட்டுப் பார்ப்போம். அது 70 கிலோ சுமக்கும், நாளைக்கு 5 கிலோ தின்னும் என்று வைத்துக்கொள்வோம். வழியில் புல் கிடையாது, எல்லாம் முதுகிலிருந்துதான். மூன்று நாள் தூரம் போய்த் திரும்ப ஆறு நாள், 30 கிலோ தீவனம். மேலே இருக்கும் வீரருக்குக் கிடைப்பது 40 கிலோ. ஏழு நாள் தூரம் என்றால்? போக ஏழு, வர ஏழு, பதினான்கு நாளுக்கு 70 கிலோ. சுமந்தது அத்தனையும் அதற்கே சரியாகப்போய்விடும். நூறு கழுதை விட்டாலும் ஆயிரம் கழுதை விட்டாலும் வீரருக்கு ஒரு பிடி மாவு போய்ச் சேராது. லாரிக்கும் டீசலுக்கும் இதே கணக்குதான், எண்கள் மட்டும் வேறு.

எந்தப் படைக்கும் இப்படி ஓர் எல்லை உண்டு. வீரம் இருக்கிறது, ஆயுதம் இருக்கிறது, ஆனாலும் அதற்கு மேல் ஓர் அடி வைக்க முடியாது. 1944 ஆகஸ்ட் கடைசியில் அமெரிக்கத் தளபதி பேட்டனின் படை பிரான்சில் பெட்ரோல் இல்லாமல் நின்றது. எதிரே பலமான எதிரி இல்லை, டாங்கியில் எண்ணெய்தான் இல்லை. இந்த நெருக்கடிக்காக அமெரிக்கர்கள் 'ரெட் பால் எக்ஸ்பிரஸ்' என்ற லாரி வரிசையை ஆகஸ்ட் 25 முதல் நவம்பர் 16 வரை இரவு பகலாக ஓட்டினார்கள். உச்சத்தில் ஆறாயிரத்துக்கும் அருகே லாரிகள் ஓடின. ஓட்டியவர்களில் பெரும்பாலோர் கறுப்பின வீரர்கள். தூரம் கூடியதும் அந்த லாரிகளே குடித்த பெட்ரோல் தலைவலியாயிற்று.

அதே ஆண்டில் நமக்குப் பக்கத்திலேயே இன்னும் கொடுமையாக நடந்தது. ஜப்பானியத் தளபதி முதாகுச்சி பர்மாவிலிருந்து இம்பால், கோஹிமா நோக்கிப் படையெடுத்தார். கையில் இருந்தது ஏறக்குறைய மூன்று வாரச் சாப்பாடு. அதற்குள் இம்பாலில் இருக்கும் பிரிட்டிஷ் கிடங்குகளைப் பிடித்துவிடலாம், பிறகு கவலையில்லை என்பது திட்டம். நடந்து வரும் உணவாக மாட்டு மந்தைகளையும் கூடவே ஓட்டிவந்தார்கள். ஆற்றைக் கடப்பதிலும் மலை ஏறுவதிலும் மாடுகள் செத்து விழுந்தன. கிடங்கு கையில் சிக்கவில்லை. சுற்றி வளைக்கப்பட்ட இம்பாலுக்குள் இருந்தவர்களுக்கு விமானத்தில் அரிசியும் குண்டும் வந்து இறங்கிக்கொண்டிருந்தன. வளைத்து நின்றவர்களுக்கு ஒன்றும் வரவில்லை. குண்டடி பட்டு இறந்த ஜப்பானிய வீரர்களைவிடப் பசியிலும் நோயிலும் இறந்தவர்கள்தான் அதிகம்.

இதுவரை பார்த்தது: படைக்கு வேண்டிய பொருளின் எடை நாம் நினைப்பதைவிடப் பல மடங்கு. அதைச் சுமக்கும் வண்டிக்கும் விலங்குக்கும் வயிறு உண்டு. ஆகவே தூரம்தான் முதல் எதிரி.

## பங்குனி சித்திரையில் புளி வாங்கி வைப்பதுபோல

தூரத்தைச் சமாளிக்க இரண்டு வழி. ஒன்று, கட்டம் கட்டமாகப் பிரிப்பது. நீண்ட தூரத்துக்கு ரயில், அங்கிருந்து லாரி, அப்புறம் கழுதை, கடைசியில் ஆள் முதுகு. ஒவ்வொரு கட்டத்திலும் ஒரு கிடங்கு.

இன்னொன்று, முன்கூட்டியே சேர்த்து வைப்பது. நம் வீடுகளில் பங்குனி, சித்திரையில் வருஷத்துக்கான புளி, மிளகாய் வற்றல் எல்லாம் வாங்கிக் காயவைத்துப் பானையில் அடைத்துவிடுவார்கள் அல்லவா? லடாக்கில் ராணுவம் செய்வதும் அதுதான். பனியில் கணவாய் மூடுவதற்கு முன், கோடை மாதங்களில் லாரி லாரியாக ஏற்றிக் குளிர்காலம் முழுவதற்குமான சாமானைச் சேர்த்துவிடுகிறார்கள். 1984 ஏப்ரல் 13 முதல் நம் படை இருக்கும் சியாச்சினில் மேல் முகாம்களுக்கு ஹெலிகாப்டர்தான் கதி. அந்த உயரத்தில் காற்று மெலிந்திருப்பதால் ஹெலிகாப்டரால் ஒரு நடைக்குக் கொஞ்சம்தான் தூக்க முடியும்.

சேர்த்து வைக்காமல் போனால் என்ன ஆகும் என்பதை 1962 அக்டோபரில், சீனாவுடன் நடந்த போரில், வடகிழக்கு எல்லையின் நம்கா சூ ஆற்றங்கரையில் பார்த்தோம். பனிக்காலத்துக்கு ஏற்ற உடை பலருக்கு இல்லை, குண்டும் குறைவு. சாலை எட்டாத இடம் என்பதால் விமானத்திலிருந்து போட்ட மூட்டைகளில் பல எடுக்க முடியாத பள்ளத்தாக்கில் விழுந்தன. அந்த வீரர்களைக் குறை சொல்ல யாருக்கும் யோக்கியதை கிடையாது.

## வழியை அறுப்பது: நம் சீமைக் கதைகள்

எதிரியின் படையை அடிக்க முடியாவிட்டால் அதன் வழியை அடி என்பது பழைய பாடம். 1758 டிசம்பர் முதல் 1759 பிப்ரவரி வரை பிரெஞ்சுக்காரர்கள் சென்னைக் கோட்டையை முற்றுகையிட்டபோது, வெளியே சுற்றிக்கொண்டு அவர்களுக்கு வரும் சாமான்களை இடைமறித்துத் தொல்லை கொடுத்தவர் கான்சாகிப் மருதநாயகம். பிற்பாடு திருநெல்வேலி, மதுரைச் சீமைகளை நிர்வகித்தவர் அவர்.

பாஞ்சாலங்குறிச்சியிலும் இதைப் பார்க்கலாம். 1801 பிப்ரவரியில் பாளையங்கோட்டைச் சிறையிலிருந்து தப்பிய ஊமைத்துரை, இடித்துத் தள்ளிய கோட்டையை மறுபடி எழுப்பினார். மார்ச் 31 அன்று ஆங்கிலேயர்கள் தாக்கித் தோற்றார்கள். கூடுதல் படையும் பீரங்கிகளும் தொலைவிலிருந்து வந்து சேரும்வரை காத்திருந்துதான் மே 24 அன்று கோட்டையைப் பிடிக்க முடிந்தது. அந்த ஏறக்குறைய இரண்டு மாதம் முழுக்க முழுக்க லாஜிஸ்டிக்ஸ் எடுத்துக்கொண்ட நேரம். ஊமைத்துரையின் ஆட்களுக்குச் சுற்றுப்புற ஊர்கள் இருந்தன. கம்பெனிக்குப் பின்னால் கடலும், கடலுக்கு அப்பால் கிடங்குகளும் இருந்தன. நீண்ட காத்திருப்பில் எது ஜெயிக்கும் என்பது வேதனையான கணக்கு.

## கேளாமல் வைப்பதும் கேட்டு வைப்பதும்

திரும்பப் பந்திக்கு வருவோம். இலை போட்டதும் உப்பு, ஊறுகாய், கூட்டு, பொரியல், சோறு எல்லாம் யாரையும் கேட்காமல் வைத்துக்கொண்டே போவார்கள். இதைத் தள்ளும் முறை என்று சொல்லலாம். இவ்வளவு பேருக்கு இவ்வளவு வேண்டும் என்று பின்னால் இருப்பவர் கணக்குப் போட்டு அனுப்பிக்கொண்டே இருப்பார். இரண்டாவது சுற்றில், "ரசமா, மோரா?" என்று கேட்டுக் கேட்டு வைப்பார்கள். இது இழுக்கும் முறை. முன்னால் இருப்பவர் கேட்டதைப் பின்னால் இருப்பவர் அனுப்புவார்.

தள்ளும் முறையில் பட்டினி கிடையாது, ஆனால் வீணாகும். யாருக்கும் வேண்டாத பாகற்காய்ப் பொரியல் இலை இலையாகக் கிடக்கும். இழுக்கும் முறையில் வீண் குறைவு. ஆனால் கேட்பவர் குரல் ஆக்குப்புரை வரை எட்ட வேண்டும், பதில் உடனே வர வேண்டும். ராணுவங்கள் இரண்டையும் கலந்துதான் செய்கின்றன. கோதுமை மாவு தினமும் ஒரே அளவு போகும், அதைத் தள்ளிவிடலாம். குண்டு எவ்வளவு தீரும் என்பது சண்டையைப் பொறுத்தது. எந்த உதிரி பாகம் உடையும் என்று யாருக்கும் தெரியாது. இவற்றைக் கேட்டுத்தான் அனுப்ப வேண்டும்.

அப்படியானால் கேட்கும் குரல் வேண்டுமே. லாஜிஸ்டிக்ஸும் தகவல் தொடர்பும் தனித்தனி விஷயங்கள் என்ற எண்ணம் இங்கே உடைந்துவிடுகிறது. சாமான் முன்னால் போவதும் சேதி பின்னால் வருவதும் ஒரே சக்கரத்தின் இரண்டு பாதி. சேதி எவ்வளவு தெளிவாக வருகிறதோ அவ்வளவு குறைவான லாரி போதும்.

## பேச்சிலிருந்து டேட்டாவுக்கு

வயர்லெஸ் பேச்சில் என்ன குறை? ஒரு நேரத்தில் ஒருவர்தான் பேச முடியும். "பதினாறு" என்றது இரைச்சலில் "பதினேழு" என்று காதில் விழும். கேட்டதை ஒருவர் தாளில் எழுத வேண்டும், இன்னொருவர் வரைபடத்தில் குறிக்க வேண்டும். அதற்குள் விமானம் பத்து மைல் போயிருக்கும்.

இதற்கு மாற்றுதான் களத் தரவுத் தொடர்பு, அதாவது டேட்டா லிங்க். மனிதர் பேசுவதற்குப் பதிலாக ஒரு கருவி இன்னொரு கருவிக்கு, முன்பே முடிவு செய்த வடிவத்தில், சுருக்கமான சேதியை அனுப்புகிறது. நம் பஞ்சாயத்து ஆபீஸ் படிவம்போல: முதல் கட்டத்தில் யார், இரண்டாவதில் எங்கே, மூன்றாவதில் எவ்வளவு உயரம், நான்காவதில் எவ்வளவு எண்ணெய் மிச்சம், எத்தனை ஏவுகணை மிச்சம். கவனியுங்கள், எண்ணெய்க் கணக்கும் குண்டுக் கணக்கும் அதிலேயே போகும். எல்லோருடைய சேதியும் சேர்ந்து எல்லோர் திரையிலும் ஒரே படமாகத் தெரியும். இதற்குப் பொதுப் படம் என்று பெயர் வைத்துக்கொள்வோம். நம் விமானப்படையின் ஐ.ஏ.சி.சி.எஸ்., ராணுவத்தின் ஆகாஷ்தீர் ஆகியவை பல ரேடார்கள் பார்ப்பதை இப்படிச் சேர்த்து ஒரே படமாக்கும் அமைப்புகள்.

ஒரே அலைவரிசையில் பல பேர் பேசினால் மோதிக்கொள்ளாதா? தாமிரபரணிக் கால்வாயில் முறை வைத்துத் தண்ணீர் பாய்ச்சுவது நமக்குத் தெரியும். இந்த நேரத்துக்கு இந்த வயல், அடுத்த நேரத்துக்கு அடுத்த வயல். ஒரே கால்வாயில் சண்டையில்லாமல் எல்லோர் வயலும் நனையும். நேட்டோ நாடுகள் பயன்படுத்தும் லிங்க் 16 என்ற டேட்டா லிங்க் இதே வேலையை நேரத்தில் செய்கிறது. ஒரு வினாடியை 128 துண்டாக்கி, இந்தத் துண்டு உனக்கு, அடுத்தது அவனுக்கு என்று முறை வைத்திருக்கிறது. எல்லாக் கருவியின் கடிகாரமும் ஒன்றாக ஓட வேண்டும் என்பதுதான் நிபந்தனை.

அடுத்து, எதிரி. அவன் இரண்டு வேலை செய்வான்: ஒட்டுக்கேட்பான், அல்லது இரைச்சல் போட்டு அமுக்குவான். ஒட்டுக்கேட்பதற்கு மருந்து சங்கேதமாக்கல், அதாவது சாவி தெரிந்தவர் மட்டும் படிக்கும்படி சேதியைக் குலைத்து அனுப்புவது. முதல் உலகப் போரில், 1914 ஆகஸ்டில் நடந்த டானன்பர்க் சண்டையில் ரஷ்யர்கள் பல வயர்லெஸ் சேதிகளைச் சங்கேதமில்லாமல் அனுப்பினார்கள். ஜெர்மானியர்கள் கேட்டுக்கொண்டே இருந்து ஒரு படையையே அழித்தார்கள்.

அமுக்குவதற்கு மருந்து அதிர்வெண் தாவல். அதிர்வெண் என்பது ஒரு வினாடியில் அலை எத்தனை முறை அதிர்கிறது என்ற எண். இரண்டு நண்பர்கள் முதல் மணி ஜங்ஷன், அடுத்த மணி பாளை மார்க்கெட், அதற்கடுத்து டவுன் தேரடி என்று ஒரு ரகசியப் பட்டியல் வைத்துக்கொண்டு சந்திக்கிறார்கள் என்றால், பட்டியல் இல்லாதவன் ஓர் இடத்தில் காத்து நின்று ஏமாந்துபோவான். இந்த டேட்டா லிங்க்குகள் அப்படி ஒரு வினாடியில் பல்லாயிரம் முறை அதிர்வெண் மாறுகின்றன.

இதுவரை: படிவம்போல் சுருங்கிய சேதி, முறை வைத்த நேரம், சங்கேதம், தாவல். டேட்டா லிங்க்கின் உள்ளே இருப்பது இவ்வளவுதான்.

## மணி மண்டபமும் விஜயநாராயணமும்

இப்போது எனக்கு மிகவும் பிடித்த பகுதி. இரண்டுமே நம் ஊரில் இருப்பவை.

வேகமான டேட்டாவைச் சுமக்கும் அலைகள் நேர்கோட்டில் போகும். மாஞ்சோலை மலைப்பாதையில் ஒரு வளைவு திரும்பியதும் செல்போன் செத்துப்போவது அதனால்தான். மலையும், பூமியின் வளைவும் அவற்றை மறைத்துவிடும். அப்போது நடுவில் ஒருவர் கேட்டுத் திருப்பிச் சொல்ல வேண்டும். அதற்குப் பெயர் ரிலே. திருச்செந்தூர் முருகனுக்குப் பூசை முடிந்த பிறகே கட்டபொம்மன் சாப்பிடுவார் என்றும், அதைத் தெரிந்துகொள்ள அங்கிருந்து பாஞ்சாலங்குறிச்சி வரை வழியெல்லாம் மணி மண்டபங்கள் கட்டியிருந்தார் என்றும் நம் பக்கம் சொல்வார்கள். ஒரு மண்டபத்து மணி கேட்டதும் அடுத்த மண்டபத்தில் அடிப்பார்கள். ஏறக்குறைய 50 கிலோமீட்டர் சேதி ஓடிவிடும். ரிலே என்றால் அச்சு அசல் இதுதான். மண்டபத்துக்குப் பதில் இன்று மலை உச்சிக் கோபுரம், பறக்கும் விமானம், செயற்கைக்கோள். 2013இல் கடற்படைக்கு ஜிசாட் 7, 2018இல் விமானப்படைக்கு ஜிசாட் 7ஏ ஏவப்பட்டன.

இன்னொன்று, நாங்குநேரிக்குப் பக்கத்தில் விஜயநாராயணத்தில் வானத்தைத் தொடுவதுபோல நிற்கும் கோபுரங்கள். பலரும் அதை மகேந்திரகிரி ராக்கெட் மையத்தைச் சேர்ந்தது என்று நினைக்கிறார்கள். அது கடற்படையின் நிலையம். பெயர் ஐ.என்.எஸ். கட்டபொம்மன். 1990இல் தொடங்கியது. 2014 ஜூலை 31 அன்று இன்னொரு பெரிய நிலையமும் அங்கே சேர்ந்தது. கோபுரங்களில் உயரமானவை 471 மீட்டர்.

வேலை என்ன? கடலுக்கு அடியில் இருக்கும் நீர்மூழ்கிக் கப்பலுக்குச் சேதி அனுப்புவது. சாதாரண ரேடியோ அலையை உப்புத் தண்ணீர் மேல்பரப்பிலேயே விழுங்கிவிடும். மிகக் குறைந்த அதிர்வெண் அலை மட்டும்தான் தண்ணீருக்குள் சில மீட்டர்கள் இறங்கும். கொடைத் திருவிழா நடக்கும் கோவிலிலிருந்து ராத்திரி நாலு தெரு தள்ளிப் படுத்திருக்கும்போது நமக்கு என்ன கேட்கிறது? பாட்டின் வார்த்தை கேட்காது, நாதசுரம் மங்கலாகிவிடும். மேளத்தின் 'தும் தும்' மட்டும் சுவரைத் தாண்டி வரும். தாழ்ந்த அதிர்வு தூரம் போகும், தடையைத் தாண்டும், ஆனால் வார்த்தையைச் சுமக்காது.

அங்கேயும் இதுதான் நிலைமை. அந்த அலையின் நீளம் பதினாறு கிலோமீட்டரைத் தாண்டும். அதற்கு முன்னால் 471 மீட்டர் கோபுரமே குட்டை. டேட்டா வேகமோ மிகக் குறைவு. பேச்சை அனுப்ப முடியாது, படத்தை அனுப்ப முடியாது. எழுத்தெழுத்தாகச் சுருக்கமான சேதிதான். அதுவும் ஒரு வழிதான், ஏனென்றால் இவ்வளவு பெரிய ஏரியலை எந்தக் கப்பலும் சுமந்துகொண்டு கடலுக்கடியில் போக முடியாது. கப்பல் கேட்கும், பதில் சொல்லாது. 'சாட்டிலைட் வந்தாச்சு, இனி எல்லாம் லைவ்' என்று சொல்பவர்களை ஒரு தடவை விஜயநாராயணம் ரோட்டில் கூட்டிக்கொண்டு போய் அந்தக் கோபுரங்களைக் காட்ட வேண்டும் என்று எனக்கு ஆசை. தூரம், வேகம், மறைவு இந்த மூன்றையும் ஒன்றாகத் தரும் அலை இயற்கையில் கிடையாது. ஒன்றை வாங்க இன்னொன்றை விட வேண்டும்.

## படம் சேராத நாள்

பொதுப் படம் உடைந்தால் எதிரி வரவேண்டிய அவசியமே இல்லை. 2019 பிப்ரவரி 27 அன்று காஷ்மீரில் பட்காம் அருகே நம் எம்ஐ 17 ஹெலிகாப்டரை நம்முடைய ஏவுகணையே வீழ்த்தியது. விமானப்படையினர் ஆறு பேரும் தரையில் இருந்த ஒருவரும் இறந்தார்கள். அந்த அக்டோபரில் விமானப்படைத் தளபதியே இதைப் பெரிய தவறு என்று வெளிப்படையாக ஒப்புக்கொண்டார். விமானங்களில் 'நீ நம்மவனா?' என்று கேட்டால் சங்கேதத்தில் 'ஆம்' என்று பதில் சொல்லும் அடையாளக் கருவி உண்டு. அந்தக் கேள்வியும் பதிலும், தரையில் இருப்பவர்கள் ஒருவருக்கொருவர் சொல்லும் சேதியும் சரியாக இணைந்தால்தான் திரையில் இருக்கும் புள்ளி நம் பிள்ளையா எதிரியா என்று தெரியும். டேட்டா லிங்க் என்றதும் ஏவுகணையை ஓட்டும் ரிமோட் என்று நினைப்பவர்கள் இந்த ஏழு பேரை நினைத்துக்கொள்ள வேண்டும்.

## ஸ்ரீவைகுண்டத்தில் நின்ற ரயில்

2023 டிசம்பர் 17 இரவு திருச்செந்தூரிலிருந்து சென்னைக்குக் கிளம்பிய ரயில் ஸ்ரீவைகுண்டம் ஸ்டேஷனிலேயே நின்றது. அன்று காயல்பட்டினத்தில் ஒரே நாளில் 90 சென்டிமீட்டருக்கு மேல் மழை. மேலே போகும் பாதையில் தண்டவாளத்துக்கு அடியில் ஜல்லி அரித்துப்போயிருந்தது. அந்தச் சேதி ரயில் கிளம்பும் முன் ஸ்டேஷனுக்கு வந்துவிட்டது. அதனால்தான் சுமார் 800 பேர் பிழைத்தார்கள்.

அதற்குப் பிறகு நடந்ததில் நான் மேலே சொன்ன எல்லாமே இருக்கிறது. திருநெல்வேலியில் அரிசி இருந்தது, பிரெட் இருந்தது. ரோடு இல்லை. செல்போன் கோபுரங்கள் பல ஓய்ந்துவிட்டன. எந்த ஊரில் எத்தனை பேர், யாருக்கு மருந்து, யாருக்குப் பால் என்று தெரிந்துகொள்ள வழியில்லை. ராணுவமும் விமானப்படையும் வந்து ஹெலிகாப்டரிலிருந்து பொட்டலங்களைப் போட்டன. கேட்டுக் கொடுக்க முடியாததால் தெரிந்த இடத்தில் தள்ளிவிடும் முறைதான். எங்கள் தெருவுக்குக் கரண்ட் வந்த பிறகு டிவியில் அதைப் பார்த்த பெரியப்பா சொன்னது ஒன்றுதான்: "மேல இருந்து போட்டாப் போதுமா? எங்க விழுந்துச்சு, யாருக்குக் கெடச்சுதுன்னு கீழ இருந்து யாரு சொல்லுவா?"

ரயிலில் இருந்தவர்களுக்கு முதல் சாப்பாடு ஹெலிகாப்டரில் வரவில்லை. பக்கத்துப் புதுக்குடி ஊர்க்காரர்கள் கோவிலில் அடுப்பு மூட்டி, வீட்டில் இருந்த அரிசியைக் கொண்டுவந்து பொங்கிக் கொடுத்தார்கள். அவர்களிடம் லாரியும் இல்லை, வயர்லெஸும் இல்லை. அரிசி கையில் இருந்தது, நடந்துபோகும் தூரம், ரயில் நிற்பது கண்ணுக்குத் தெரிந்தது.